மணல் கம்பெனிக்கு நாங்கள் பார்ட்னர் ஆனது

எங்கள் குடும்பத்தில் மைக் பிடித்தவள் நான் ஒருத்திதான். அதுவும் ஒரே ஒரு தடவை, ஐந்தாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவில். அன்றைக்கு வாங்கிய கைதட்டலை அதற்கப்புறம் நான் எங்கேயும் வாங்கினதில்லை. இப்போது சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். இங்கே யார் கைதட்டப் போகிறார்கள்? பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வந்து சேர்வதற்காவது யாராவது தட்டலாம். தட்டமாட்டார்கள்.

அப்போது எங்களுக்கு பஸ்ஸே தேவைப்பட்டதில்லை. இதே சைதாப்பேட்டையில், அடையாற்றின் கரையில் இருந்தோம். கரையில் என்றால் கரையிலேயேதான். பின்பக்கத் தட்டியைத் தள்ளினால் ஆறு. பாலத்தின் மேல் எலெக்ட்ரிக் ட்ரெயின் போனால் எங்கள் வீட்டு அலுமினியத் தட்டுகள் கிணுகிணுக்கும். நைனா, அதாவது என் அப்பா, மார்க்கெட்டில் மூட்டை இறக்குவார். அம்மா நந்தனத்தில் இரண்டு வீட்டில் வேலை செய்தாள். விடிந்ததும் நடந்தே போய் ஒரு வீட்டுப் பாத்திரத்தை முடித்துவிட்டு, நடந்தே திரும்பி வந்து, எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டு, மறுபடி அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். அந்த நடை தூரத்தில்தான் எங்கள் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த லீவில் எங்கள் ஆற்றுக்கு ஒரு மெஷின் வந்தது. அடேயப்பா, என்ன மெஷின்! ஜேசிபி நாங்கள் பார்த்திருக்கிறோம், இது தண்ணீர் மேல் மிதக்கிற ஜேசிபி. ஒரு பக்கம் நீளமான கை, இன்னொரு பக்கம் ஒரு ஆள் நுழைந்து போகிற அளவுக்குக் குழாய். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் காலையில் பல் கூடத் தேய்க்காமல் கரையில் போய் உட்கார்ந்துவிடுவோம். அது சும்மா நின்றுகொண்டிருந்தது, நாங்களும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு சந்தோஷம்.

மெஷின் ஒரு மணல் கம்பெனியுடையது. ஆற்றில் மணல் தோண்டி விற்பதுதான் அவர்கள் தொழில். ஆனால் வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்த மேனேஜர் சார் மணல் என்ற வார்த்தையையே வாயில் எடுக்கவில்லை. "தூர் வாரப் போறோம்" என்றார். ஆறு ஆழமானால் மழைக்குத் தண்ணீர் கரையேறாது என்றார். அந்த வருஷமும் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்து போயிருந்தது. சுவரில் அந்த அழுக்குக் கோடு இன்னும் காயக்கூட இல்லை. தூர் வாருகிறேன் என்று ஒருத்தர் தேடி வந்து சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது? ஒரே ஒரு விஷயம், எங்கள் குடியிருப்போர் சங்கமும் கம்பெனியும் கூட்டு ஒப்பந்தம் போடவேண்டும், அதற்கு ஜனங்களுடைய கருத்தைக் கேட்கவேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று முடிவானது.

கூட்டு ஒப்பந்தம் என்றால் என்ன என்று எங்களுக்குச் சொன்னவர் மாமா. அம்மாவின் தம்பி, ஷேர் ஆட்டோ ஓட்டுவார். எந்தப் புது விஷயம் வந்தாலும் முதலில் அவருக்குத்தான் காய்ச்சல் அடிக்கும். மேனேஜர் சார் அவர் தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க மாமா அதைக் கழற்றவே இல்லை, ஆட்டோவுக்குள்ளும் அதோடுதான் உட்கார்ந்திருந்தார். "கூட்டுன்னா இன்னா? பார்ட்னர்! அவ்ளோ பெரிய கம்பெனியும் நாமளும் பார்ட்னர்!" என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

அவ்வளவுதான், ஊரே பார்ட்னர் ஆகிவிட்டது. தண்ணி லாரி வரிசையில் "கொஞ்சம் தள்ளி நில்லு பார்ட்னர்." இட்லிக் கடை அக்காவிடம் "கெட்டிச் சட்னி போடு பார்ட்னர்." நைனா சாப்பிடும்போது அம்மாவைப் பார்த்து, "பார்ட்னர், இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்று சொல்லப் போக, அம்மா கரண்டியை ஓங்கினாள்.

கருத்து என்று கேட்டால் ஆளுக்கொன்று இருந்தது. மெஷின்காரர்கள் முப்பது பேராவது வந்து சாப்பிடுவார்கள் என்று இட்லிக் கடை அக்கா கணக்குப் போட்டாள். பெரிய பையன்களுக்கு மெஷின் மேல் ஏறும் வேலை வேண்டும். எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருந்த பாய் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "அரே, பார்ட்னர்னா பங்கு கீதுல்ல? மணல் அவங்களுக்கு. நம்ம பங்கு இன்னா, அத்த கேளுங்கபா" என்பார், வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே. குண்டூசியோடு பேசுகிறவர் சொல்வதை யார் சரியாகக் கேட்டார்கள்?

ஒப்பந்தத்தைக் கூட்டத்தில் யார் படிப்பது என்ற பேச்சு வந்தது. சங்கத் தலைவருக்கு ஆபீஸ் தமிழ் என்றால் இரண்டாவது வரியிலேயே கொட்டாவி வந்துவிடும். மாமா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "நம்ம வூட்டுப் பொண்ணு கீதே, பேச்சுப் போட்டியில கப்பு வாங்கின பொண்ணு!" மேனேஜர் சாருக்கு முகமெல்லாம் பல். பாப்பா படிக்கட்டும், பாப்பாதான் படிக்கணும் என்று சொல்லி ஒரு பெரிய சாக்லேட் கொடுத்தார். என் குரல் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

படிக்கவேண்டியது தமிழில் மூன்று தாள். அதற்குப் பின்னால் இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று இன்னும் இரண்டு தாள், இங்கிலீஷில், பொடி எழுத்தில், கட்டம் கட்டமாக. மாமா புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கம்பெனிக்காரன் வெவரம், நமக்கு இன்னாத்துக்கு? தமிழ்ல கீறத மட்டும் படி" என்றார். நானும் மூன்று நாள் தொண்டை கட்டுகிற வரை படித்தேன். சமுதாயக் கூடம் வந்தது, தெருவிளக்கு வந்தது, விளையாட்டுத் திடல் வந்தது. மூன்றாவது தாளில் ஒரு வார்த்தை மட்டும் என்னை மிரட்டியது. கரையோரக் குடும்பங்களின் மறுகுடியமர்வு, இணைப்பு இரண்டில் கண்டவாறு, நிறுவனத்தின் பொறுப்பில் நிறைவேற்றப்படும்.

மறுகுடியமர்வு. சொல்லிப் பாருங்கள், மைக்கில் சொல்ல எவ்வளவு கம்பீரமான வார்த்தை! ஆனால் அர்த்தம் தெரியாமல் படித்தால் ஏற்ற இறக்கம் வராது என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். மாமாவிடம் கேட்டேன். ஹெல்மெட்டைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். பிறகு அவர் முகத்தில் பல்பு எரிந்தது. மறு என்றால் மறுபடியும், குடியமர்வு என்றால் குடி உட்காருவது. அப்படியென்றால் இந்த ஓலையும் தகரமும் எல்லாம் எடுத்துவிட்டு, சிமெண்டில் கட்டி, மறுபடியும் நம்மைக் குடி வைக்கப் போகிறார்கள்!

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் குப்பம் முழுக்க வீடு கட்டி முடித்துவிட்டது. கால் வலிக்காரர்கள் எல்லாம் கீழ் வீடு கேட்டார்கள். இட்லிக் கடை அக்கா தெருவைப் பார்த்த வீடு வேண்டும் என்று பக்கத்து வீட்டோடு சண்டையே போட்டாள். பாய் கூட, அப்படி இருந்தால் மூலைக் கடை எனக்கு என்று மெதுவாகச் சொல்லி வைத்தார். எனக்கு ஒரே ஒரு ஜன்னல் போதும். ஆற்றைப் பார்த்த ஜன்னல், அதில் உட்கார்ந்தால் பாலத்தில் ட்ரெயின் போவது தெரியவேண்டும்.

அதை வரைந்தே தீரவேண்டும் போல் இருந்தது. வீட்டில் வெள்ளைத் தாள் ஏது? தாள் கட்டின் கடைசியிலிருந்து இணைப்பு இரண்டை உருவினேன். பின்பக்கம் பளிச்சென்று வெறுமையாக இருந்தது. மாடி வீடு, பச்சை ஜன்னல், ஜன்னலில் இரட்டைச் சடையோடு நான், கீழே ஆறு, மேலே பாலம், பாலத்தில் ட்ரெயின். நாலு மூலையிலும் சோற்றுப் பருக்கை தேய்த்து, அந்த அழுக்குக் கோட்டுக்கு மேலே ஒட்டினேன். அம்மா வேலையிலிருந்து வந்து அதன் எதிரே ரொம்ப நேரம் நின்றாள். சமையல் ரூமில் ஒரு ஜன்னல் போடக்கூடாதா என்று கேட்டாள். போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் ஷாமியானா. ஆளுக்கு ரெண்டு சமோசா, ரோஸ் மில்க். தீபாவளிப் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு நான் மேடை ஏறினேன். மைக் எனக்கு எட்டவில்லை என்று மாமா அவருடைய ஹெல்மெட்டையே கவிழ்த்துப் போட்டு என்னை அதன் மேல் நிற்க வைத்தார். ஹலோ என்றேன். என் குரல் ஆற்றைத் தாண்டி அந்தக் கரை வரை போய்த் திரும்பி வந்தது. ஐயோ, அந்த நிமிஷம்! அதற்கு மேல் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

படித்தேன். சமுதாயக் கூடத்துக்குத் தட்டினார்கள். விளையாட்டுத் திடலுக்குப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். நடுவில் பாய் எழுந்து பங்கு விஷயத்தை ஆரம்பித்தார். பத்துப் பேர் ஒரே குரலில், "உட்காரு பாய், பாப்பா படிச்சிக்கினு கீதுல்ல" என்றார்கள். பாவம், உட்கார்ந்துவிட்டார். ஒரு குழந்தை படிக்கும்போது குறுக்கே பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? மேனேஜர் சார் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மறுகுடியமர்வு வந்ததும் ஒரு மூச்சு நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக உருட்டி விட்டேன். ஷாமியானா கிழிகிற மாதிரிக் கைதட்டல். அது அடங்கின பிறகு, கடைசி வரிசையில் வேலைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மா எழுந்தாள். நாலு பேர் நடுவில் அம்மா பேசி நான் பார்த்ததே இல்லை.

"மறுபடி குடி வெக்கிறது சரி. எங்கன்னு போட்டுக்கீதா பாரு."

மேனேஜர் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் கையில் இருந்த தாளில் அப்படி எதுவும் இல்லை. இணைப்பு இரண்டில் கண்டவாறு என்றுதான் இருந்தது, இணைப்பு இரண்டு எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. ஆனால் எங்கே என்பதில் எனக்கு என்ன சந்தேகம்? நான்தான் வரைந்தே பார்த்துவிட்டேனே. மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு கத்தினேன்.

"இங்கதாம்மா! ஜன்னல்லேர்ந்து ட்ரெயின் தெரியும்!"

சிரிப்பும் விசிலுமாகக் கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். நான் அம்மாவையே பார்த்தேன். அம்மா என்னையே பார்த்தாள். பிறகு பையை இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு அந்தக் கையைத் தூக்கினாள். பாய் எல்லாருக்கும் கடைசியாகத் தூக்கினார். "பாப்பாவே சொல்லிட்ச்சி, இன்னா பண்றது" என்றார்.

மெஷின் அடுத்த நாளே உறுமத் தொடங்கியது. மலை மலையாக மணல், லாரி லாரியாகப் போனது. கோடை பிறந்தபோது எங்கள் பின்பக்கத்துக் கரை பாதி காணாமல் போயிருந்தது. அப்புறம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சண்டைக்குப் போனவர்களிடம் கம்பெனிக்காரர்கள், எல்லாம் கூட்டத்தில் படித்துக் காட்டித்தானே சம்மதம் வாங்கினோம் என்றார்களாம். மாமா ஹெல்மெட் இல்லாமல் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார், குடிக்காமலேயே போனார்.

லாரி வந்த அன்றைக்கு எனக்கு ஒரே குஷி. மூட்டை முடிச்சுக்கு மேலே உச்சியில் உட்கார்ந்து போகலாம் என்று நைனா சொல்லியிருந்தார். நான் உள்ளுக்கும் வெளிக்கும் குதித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கடைசியாக மிஞ்சியது சுவரில் இருந்த படம்தான். அம்மா விரலில் தண்ணீர் தொட்டுத் தொட்டு, பருக்கை ஊறும் வரை காத்திருந்து, ஒரு மூலை கூடக் கிழியாமல் உரித்தாள். பின்பக்கம் எழுத்து இருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"இன்னாடி இது, படி" என்றாள்.

எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிக்க அப்போது எனக்கு நன்றாக வந்துவிட்டிருந்தது. கட்டங்களில் விரலை ஓட்டினேன். நைனா பேர்! அம்மா, நைனா பேர் போட்டிருக்காங்க என்று கத்தினேன். பக்கத்தில் எங்கள் கதவு நம்பர். அடுத்த கட்டத்தில் ஒரு பிளாக் நம்பர், ஐந்தாவது மாடி. கடைசிக் கட்டத்தில் ஒரு ஊர்ப் பெயர். அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது தினமும் பஸ் நெற்றியில் பார்க்கிற பெயர்தான். எவ்வளவு நீளமான பெயர்! ஒரு இடத்தில் கூடத் திக்காமல், முதல் தடவையிலேயே முழுசாகப் படித்துவிட்டேன். நன்றாகப் படிக்கிறேனா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அம்மா தாளைத் திருப்பிப் படத்தைப் பார்த்தாள். மறுபடி திருப்பி எழுத்தைப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள்.

பாலத்தில் ட்ரெயின் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் மைக்கில் படித்ததைவிடச் சத்தமாகப் படித்தேன்.