ரோசலின் அக்கா பெயரில் அந்தச் சாலை வேண்டாம்

ஏழுமலை வந்து நின்றபோது நான் குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் பியூன் அவர். "ரோசலின் அக்காவைக் கலங்கல்ல தண்ணி இழுத்துகினு பூடுச்சும்மா" என்றார். பிரசவ வலி கண்ட ஓர் இருளர் பெண்ணை ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் கலங்கலைத் தாண்டிக் கரையேற்றிவிட்டு, அவளுடைய துணி மூட்டைக்காக மறுபடி இறங்கியிருக்கிறார் அக்கா. தாயும் பிள்ளையும் சுகம்.

அக்காவும் நானும் ஒரே யூனியனில் கிராம சேவிகாக்கள். நினைவுக் கூட்டத்தில் எனக்குப் பேச வாய் வரவில்லை. அதனால் தாமதமாக, அவரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

அவரைக் கொன்றது வெள்ளம் இல்லை. வட்டார வளர்ச்சித் திட்டத்துக்கு வரைபடம் போட வந்தவர்கள் போன மாசி மகத்தன்று வந்தார்கள். அன்று இருளர்கள் ஒரு வீடு விடாமல் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்க் கன்னியம்மனைக் கும்பிட்டு மணலிலேயே தங்குவார்கள் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? வந்தவர்கள் கலங்கலுக்கு அக்கரையில் வெறும் குடிசைகளைப் பார்த்துவிட்டு, 'குடியிருப்பு இல்லை' என்று குறித்துக்கொண்டார்கள். கலங்கலுக்கு வரவேண்டிய பாலமும் சாலையும் கடற்கரைப் பயணியர் விடுதிப் பக்கம் திரும்பின. வழியெல்லாம் எங்கள் யூனியன் சேர்மனின் சவுக்குத் தோப்பு. தவறு நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சொன்ன பிறகும் திருத்தாததைத் தவறு என்று நான் எழுத மாட்டேன்.

அக்கா மனு எழுதவில்லை. குடியிருப்பு மொத்தத்தையும் கிழவர், கைப்பிள்ளை என்று பார்க்காமல் யூனியன் ஆபீசுக்கு அழைத்து வந்துவிட்டார். "ஆளில்லாத எடத்துலருந்து வந்துகீறோம் சார், உக்கார பாய் போடுங்க" என்றார். எழுத்தர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். இருக்கிற பணம் ஒரு சாலைக்குத்தான் வரும், வெளியூர்க்காரர் வந்தால்தான் வட்டாரம் முன்னேறும், மற்றது அடுத்த திட்டத்தில் என்றார் சேர்மன். "அங்க போட வேணாம்னு சொல்லல. ஆளு எங்க கீதுன்னு பார்த்து ரெண்டு பக்கமும் பிரிச்சுப் போடுங்க. இல்லாங்காட்டி அது ரோடு இல்ல, உங்க தோப்புக்கு வாசப்படி" என்றார் அக்கா. யாரும் பாய் போடவில்லை.

அன்று நான் பிள்ளையோடு கதவோரமே நின்றுவிட்டேன். குழந்தை பிறந்து மூன்று மாதம். வேலை போய்விடுமோ என்ற பயம். வெளியே வந்ததும் அக்கா என் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பயந்துக்கோ, இன்னா தப்பு? வாய மட்டும் மூடிக்காத" என்றார்.

நினைவுக் கூட்டத்தில் சேர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, விடுதிச் சாலைக்கு 'ரோசலின் சாலை' என்று பெயர் வைக்கப்போவதாக அறிவித்தார். கை தட்டினார்கள். உங்களில் சிலரும் தட்டினீர்கள்.

எனக்கு இப்போதும் பயம்தான். பிள்ளைக்கு இன்னும் சளி விடவில்லை; இதை எழுதியதற்கு என்னை எங்கே தூக்கி அடிப்பார்களோ தெரியாது. ஆனால் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான், அதை விட மாட்டேன். அந்தப் பெயர்ப் பலகையை நட்டால் பிடுங்கிக் கலங்கல் கரையில் நடுவேன். தனியாக வரமாட்டேன். இந்த மாசி மகம் முடிந்து இருளர்கள் எல்லோரும் ஊர் திரும்பட்டும்.

சேர்மன் பாய் எடுத்து வைக்கட்டும்.