வெயில் காய்ந்த ஈப்புழுக்கள்

வியாபாரம் படுத்தவன் ஈ ஓட்டுவான். நானோ ஈ வளர்த்துப் பிழைக்கிறேன். சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் உத்தியோகம். தலைமுடி, சாப்பாட்டு டப்பா என்று ஈ நுழையாத இடமில்லை. இதே பிழைப்பில் இருப்பவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

நைனாவின் சந்தேகம்

எங்கள் ஊர் தோணிரேவு. அங்கே என் அக்கா மகள் பவானிக்கு வெயில் ஆகாது. பட்டால் தோல் கொப்பளித்துவிடும். வெயில் எல்லார் டி.என்.ஏ.வையும்தான் காயப்படுத்துகிறது, ஆனால் உடம்பே அதைச் சரிசெய்துகொள்ளும், இவளுக்குச் சரிசெய்கிற மரபணு பழுது என்றார் டாக்டர். மீன் காயப்போடும் ஊரில் பிள்ளையைப் பகலெல்லாம் வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறோம்.

அந்த மரபணு ஈக்கும் உண்டு. சீக்கிரம் பெருகுகிற பிராணி, அதனால் அதே பழுதுள்ள ஈக்களை வளர்த்து ஆராய்கிறார்கள். இதையெல்லாம் நைனாவிடம் விளக்கினேன். வலை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"ஈ வளக்க காலேஜ் இன்னாத்துக்குமா? நம்ம கருவாட்டுக் கொட்டாய்க்கு வா, அதுவா வளருது!"

மல்லிகா அக்காவின் உபகாரம்

பழுதுள்ள ஈப்புழுக்களை, வெயில் போலவே காயப்படுத்தும் புற ஊதா விளக்கில் காட்டிவிட்டு, குப்பிகளில் போட்டுக் கறுப்புத் துணி சுற்றி இருட்டில் வைப்போம். பெரும்பாலும் செத்துப்போகும். ஒரு மார்கழிக் காலையில் போய்ப் பார்த்தால் துணியைக் காணோம். குப்பிகள் ஜன்னலோரம் இளவெயில் காய்கின்றன. கூட்டிப் பெருக்கும் மல்லிகா அக்கா எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்குளத்துக்காரி. எங்கள் பக்கம் கருவாட்டில் புழு வைத்தால், அது சாக வெயிலில்தான் பரப்புவோம். அவளும் அதையேதான் செய்திருக்கிறாள். என் வேலை போச்சென்று ஓடிப்போய்க் குப்பியைத் தூக்கினேன்.

பார்த்தால், முக்கால்வாசி புழு உயிரோடு நெளிகிறது! பேராசிரியர் அம்மா திட்டவில்லை, சிரித்தார். வெளிச்சத்தைக் கொண்டே காயத்தை ஆற்றும் தனிப் புரதம் ஒன்று ஈக்கு உண்டாம். அது வேலை செய்துவிடக் கூடாதென்றுதான் கறுப்புத் துணியாம். மல்லிகா அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"வெயில்ல வெச்சும் சாவலையே கண்ணு, இது இன்னா புழு?"

பவானியின் யோசனை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், பொழுது சாய்ந்து பவானியை வெளியே விட்டதும் கதையைச் சொன்னேன். இறால் ஆய்ந்துகொண்டிருந்த என் அக்கா கையை நிறுத்தினாள்.

"அப்போ புள்ளைய வெயில்ல உடலாமாடி?"

"ஐயோ வேணாம்க்கா! அந்தப் புரதம் மனுசங்களுக்குக் கிடையாது" என்றேன். அக்கா மறுபடி இறாலை எடுத்துக்கொண்டாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பவானிதான் என் கையைப் பிடித்து ஆட்டினாள்.

"சித்தி, ஈகிட்ட கேட்டு எனக்கும் கொஞ்சம் வாங்கியாயேன்!"

அன்றிலிருந்து தினமும் கஞ்சி ஊற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஈ இன்னும் வாயைத் திறக்கவில்லை.