அண்ணன் சட்டைப்பையில் இருந்த எண்கள்

அண்ணன் செத்தபோது அவன் கருமாதிப் பத்திரிகைக்கு எழுத்துக் கோர்க்க ஆள் இல்லை. உத்திரமேரூர் பஜாரில் பாய் நடத்தி வந்த பிரஸ்ஸில் கம்பாசிட்டர் என்று இருந்தது அவன் ஒருவன்தான். சுற்றுப்பட்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பத்திரிகை அவன் கை வழியாகத்தான் வெளியே போகும். மஞ்சள் காமாலை வந்து படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. பாய் காஞ்சிபுரத்துக்கு ஆளை அனுப்பி, வேறு பிரஸ்ஸில் அடித்து வாங்கி வந்து, தப்பாக நினைக்க வேண்டாம் என்று நைனாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாசலில் நின்றபடியே ஒன்றை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல அவனோட குட்டி ஈயம் ஒண்ணையும் காணமே" என்றாள்.

வந்திருந்த யாருக்கும் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் சொன்னது தேதியை.

அண்ணன் சாவுப் பத்திரிகையில் தமிழ்த் தேதியைப் பழைய தமிழ் எண்ணில்தான் போடுவான். கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் சாதாரண ஒன்று, இரண்டுதான். நிலபுலம் உள்ள பழைய குடும்பங்கள் சில, சாவுக்கு மட்டும் அந்த எண் வேண்டும் என்று கேட்கப்போய், அதுவே எங்கள் பிரஸ்ஸில் எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. அந்த எண்களின் ஈய எழுத்து மொத்தமே ஒரு கைப்பிடி இருக்கும். எழுத்துப் பெட்டியில் போட்டால் மற்ற எழுத்தோடு கலந்து போய்விடும் என்று, வேலை முடிந்ததும் துடைத்துச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவான். துவைக்க எடுக்கும் முன் அம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, முகம் தெரிகிற மாதிரி விளக்கு மாடத்தில் அடுக்குவாள். காலையில் அள்ளி அவன் பையில் போடுவாள். அவளுக்கு அது இத்தனை வருஷப் பழக்கம். அடித்த பத்திரிகையை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. சாவுப் பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வாசலில் வாங்கி, விஷயம் கேட்டதும் கிழித்து வெளியே போட்டுவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

ஊருக்கெல்லாம் போட்டவனுக்கு அது இல்லாமல் போயிற்று. வருஷத் தெவசத்துக்காவது அவன் போடுகிற மாதிரி வர வேண்டும் என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவள் அந்த வருஷம் கேட்டது அது ஒன்றுதான். என்னிடம்தான் கேட்டாள். நானும் அதே பிரஸ்ஸில்தான் இருந்தேன்.

நான் ஏழாவதோடு நின்றவள். அச்சடித்து முடிந்த எழுத்தைப் பிரித்து அந்தந்த அறையில் போடுவது என் வேலை. அண்ணன் போன பிறகு பாய் அச்சடிக்கிற ட்ரெடில் மெஷினையும் ஈயத்தையும் விற்றுவிட்டு, மெட்ராஸில் ஏதோ ஆபீஸ் கழித்துவிட்ட ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்தார். அவர் மருமகன் திருவல்லிக்கேணியில் அந்த வேலை தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். அதில் அடிப்பதை ஸ்டென்சில் தாளில் குத்தி எடுத்து, உருளையில் மாட்டிச் சுற்றினால் நோட்டீஸ் வரும். அதை ஏன் என்னிடம் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்த வருஷம் என்னிடம் எதைக் கொடுத்தாலும் தப்பாகத்தான் போனது.

உண்மையாகவே அப்படித்தான். அம்மா உள்ளே இருக்கும்போதே வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். ஒருநாள் புள்ளலூரில் அத்தை வீட்டுக்குப் போவதற்காகக் காஞ்சிபுரம் பஸ் என்று வந்தவாசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர், "இன்னா பொண்ணு, காஞ்சிபுரம் இந்தப் பக்கம் எப்ப வந்துச்சி, எனக்கு ஒர்த்தரும் சொல்லலியே" என்றான். பஸ்ஸே சிரித்தது. எனக்கு இறங்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அண்ணனுக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. அது இடது கன்னமா வலது கன்னமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பிரஸ்ஸில் எழுத்துப் பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான் என்று எதிரெதிரே நின்று வேலை செய்தவர்கள். எனக்கு எந்தப் பக்கமோ அவனுக்கு அது மறுபக்கம். நினைக்க நினைக்க மச்சம் இங்கேயும் அங்கேயும் போய்க்கொண்டிருந்தது. அவனைப் போட்டோ எடுத்தது கிடையாது. அம்மாவிடம் கேட்கப் பயமாக இருந்தது.

தெவசம் நெருங்கியது. கம்ப்யூட்டரில் பழைய எண் கிடையாது. பாயின் மருமகன், இல்லாவிட்டால் நாமே வரைந்து போட்டுக்கொள்ளலாம் என்றார். எழுத்து வரைவதற்கென்று ஒரு திரை இருந்தது. முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். ஒரு கட்டத்தில் போய்த் தட்டினால் புள்ளி எரியும், மறுபடி தட்டினால் அணையும். புள்ளியாக வைத்து உருவம் செய்து, ஒரு கீயில் உட்கார வைத்துவிட வேண்டும். பிறகு அந்தக் கீயைத் தட்டினால் அது வரும்.

அண்ணன் இறந்தது ஆடி பதிமூன்று. அப்படியானால் 'க' போல இருக்கிற ஒன்றுக்கு 'க'வே போதும், மூன்றை மட்டும் வரைந்தால் ஆயிற்று என்றார் அவர்.

"அண்ணன் ஒண்ணும் மூணும் போடாது. பத்துக்குத் தனியா ஒரு எழுத்து கீது. பத்து போட்டு பக்கத்துல மூணு போடும்" என்றேன்.

"பத்துக்கே ஒரு எழுத்தா? எங்க பாத்தே நீ?"

"எங்க வூட்டு மாடத்துல கீது."

அவர் பாயைப் பார்த்தார். பாய் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அண்ணன் போன பிறகு அம்மா அவற்றை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு அதே மாடத்தில் வைத்திருந்தாள். பத்தையும் மூன்றையும் கேட்டபோது அவளே தேடி எடுத்துக் கையில் வைத்தாள். தொலைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். நான் அவற்றை முந்தானையில் முடிந்து கொண்டுபோய், கீபோர்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தேன். அந்த இரண்டும் ஏதோ எழுத்து மாதிரி இருக்கும், ஆனால் எந்த எழுத்தும் இல்லை. அதனால் இது சரியா, இது அதிகமா என்று மற்ற எழுத்தோடு வைத்துப் பார்க்க வழியில்லை. ஈயம் ஒன்றுதான் கணக்கு. மூன்றுக்கு வால் கீழே இறங்கும். கட்டத்தில் கீழே இடம் இல்லாமல் அடிக்கும்போது வால் வெட்டுப்பட்டது. மொத்தத்தையும் மேலே தூக்கினால் வரியில் அது மட்டும் எகிறிக்கொண்டு நின்றது. உடம்பைச் சின்னதாக்கி வாலுக்கு இடம் விட்டேன். பிறகு பத்து பக்கத்தில் பெரியதாகத் தெரிந்தது. அதையும் சின்னதாக்கினேன். பல நாள் இப்படியே போனது. அண்ணன் போன பிறகு ஒரு வேலையில் மனம் உட்கார்ந்தது அப்போதுதான். எனக்கு அது பிடித்திருந்தது. அப்படிப் பிடிப்பதும் தப்போ என்று குழப்பமாகவும் இருந்தது.

கடைசியில் தாளில் அடித்து எடுத்து வந்து பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பின்பக்கமாகவும் பார்த்தார்.

"ஏம்மா, உருது படிக்கிறவன் முதலாளின்னு வலது பக்கத்துலேர்ந்து எழுதிட்டியா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் மேஜையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் மையில் அந்த மூன்றை ஒற்றி, தாளில் என் மூன்றுக்குப் பக்கத்திலேயே அழுத்தி எடுத்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டு நின்றன.

ஈயத்தில் எழுத்து திரும்பித்தான் இருக்கும், தாளில் பட்டால்தான் நேராகும். அது எனக்குத் தெரியாததா? எத்தனை வருஷம் அதைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஆனால் 'அ', 'ஆ' எல்லாம் பள்ளிக்கூடத்தில் நேராகப் படித்துவிட்டுப் பிறகு ஈயத்தில் பார்த்தவை. இந்த எண்களை நான் படித்ததே ஈயத்தில்தான். அடித்த தாளில் செத்தவர் பெயரைப் பார்ப்பேன், எண்ணைப் பார்த்தது கிடையாது. எனக்கு மூன்று என்றால் மாடத்தில் நின்றதுதான்.

வரைந்ததை இடவலமாகத் திருப்ப அதில் ஒரு கீ இருந்தது. தட்டினேன், திரும்பியது. பாய் சரி என்றார். எனக்குத்தான் சரியாகத் தெரியவில்லை. மறுபடி தட்டினேன், மறுபடி. கொஞ்ச நேரத்தில் எது முதலில் இருந்தது என்பதே போய்விட்டது. பாய் ஸ்டாம்ப் மையில் ஒற்றிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் போல இருப்பதை வைத்து நிறுத்தினேன். இரண்டு மாதிரியும் ஒவ்வொரு தாள் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முதலில் தப்பாகப் போட்டதைச் சொல்லி, அம்மாவைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

வாசலில் நின்று நேரான தாளை முதலில் கொடுத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகம் காஞ்சிபுரத்துப் பத்திரிகையைப் பார்த்த அன்றைக்கு இருந்த மாதிரியே ஆகிவிட்டது. என் கையிலிருந்த இன்னொரு தாளை அவளே இழுத்துப் பார்த்தாள்.

"இது இன்னா, இத ஏன் ஒளிச்சி வெச்சிக்கினு கீறே? இதுதான்டி" என்றாள். விரலால் மூன்றின் வாலைத் தடவினாள்.

அது தப்பு என்றேன். பாய் செய்த மாதிரியே கண்மையில் அந்த ஈயத்தை ஒற்றித் தாளில் அழுத்திக் காட்டினேன். அவள் பொறுமையாகப் பார்த்தாள். புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது.

"ஊருக்கு அது. ஊருக்குன்னு போட்டத நான் எப்பப் பாத்தேன்? எனக்கு அவன் பாக்கெட்ல இருந்ததுதான் தெரியும்."

கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த நைனா, "ரெண்டுல எதையாவது போடு. சோறு போட்டா வரப்போறாங்க, நம்பரப் பாத்தா வரப்போறாங்க?" என்றார். பிறகு அவரும் எழுந்து வந்து இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கொடுத்துவிட்டுக் கழனிப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. அண்ணன் இருந்திருந்தால் திருப்பிப் போட்ட எழுத்தைப் பார்த்து என் தலையில் குட்டியிருப்பான். அவன் வேலையில் ஒரு தப்பு வந்து யாரும் பார்த்ததில்லை. அவனுக்காகப் போடுவதில் தெரிந்தே தப்பைப் போடுவதா? ஆனால் நேராகப் போட்டால், அதைக் கேட்ட ஒரே ஆளுக்கு அது வெறும் கோடு. ஒரு சமயம் இது, ஒரு சமயம் அது என்று மாறி மாறி யோசித்துக்கொண்டே காலையில் பிரஸ்ஸுக்குப் போனேன்.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. திருப்பியே அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பேஜார் புடிச்ச குடும்பம்மா உங்குளுது" என்றார் கடைசியில். "அடிச்சிக்க. கிழம தெளிவா கீதா பாரு, ஜனம் நாள் மாறி வந்துடப் போறாங்க. கீழ என் பிரஸ் பேர மட்டும் எடுத்துடு."

பெயரை எடுத்தேன். இடவலமாகத் திருப்பும் கீயைத் தட்டினேன். ஆடி மாதத்துக்குப் பக்கத்தில் பத்தும் மூன்றும் மாடத்தில் நின்ற மாதிரி வந்து நின்றன. உருளையை நானே சுற்றினேன்.

தெவசத்துக்குத் தாமலிலிருந்தும் புள்ளலூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். எண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தை மட்டும், பத்திரிகையில் ஏதோ எழுத்து அழகாக இருந்தது, என்ன என்றுதான் தெரியவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன் என்றாள். எல்லாரும்தான் கிழித்துப் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் குப்பையோடு குப்பையாகத் துண்டு துண்டாகக் கிடந்ததை நானே பெருக்கினேன்.

அம்மா தன்னுடையதைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்து, மாட்டுக்கொட்டகைக் கூரை ஓலையில் செருகி வைத்திருந்தாள். பார்த்துவிட்டு, கிழிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வூட்டுக்குள்ளதானே வெக்கக்கூடாது" என்றாள்.

அப்போதுதான் கேட்டேன், அண்ணனுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில் என்று. அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். யோசிக்காமல் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். என் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவனுக்கும் அதே பக்கமா, எதிரே நின்று பார்த்த பக்கமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.