மேற்குப் படிகளில் சுண்ணக்கோடு

சாவியம்மாவுக்கு முதலில் சந்தேகம் வந்தது அந்த ஆளின் செருப்பைப் பார்த்துத்தான். காலையில் திறந்தவெளி அரங்கத்துக்கு நடக்க வருகிறவர்கள் விதவிதமான ஷூ போட்டுக்கொண்டு வருவார்கள். இவர் மட்டும் தேய்ந்த தோல் செருப்போடு வந்தார். நடக்கவும் இல்லை. மேற்குப் பக்கப் படிகளில் குந்தி உட்கார்ந்து, எதையோ தொலைத்தவர் போலக் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய வயது.

அரங்கத்தின் எட்டு வாசல் சாவிகளும் இருபத்திரண்டு வருடமாக அவள் இடுப்பில்தான் தொங்கின. அதனால் ஊருக்கே அவள் சாவியம்மா. ஒரு காலத்தில் அந்த இடம் கல் வெட்டியெடுத்த பள்ளம். கல் தீர்ந்ததும் நகரசபை உள்ளே மேடை போட்டு, சுற்றிலும் படி கட்டியது. கச்சேரி, நாடகம், கட்சிக் கூட்டம், பட்டமளிப்பு, தடுப்பூசி முகாம் என்று அங்கே நடக்காதது இல்லை. ஒரு தீ விபத்துக்குப் பிறகு நாற்பது குடும்பங்கள் ஒரு மாதம் அங்கேயே குடியிருந்தன. பள்ளத்தின் அமைப்பு அப்படி, மேடையில் ஒருவர் தும்மினால் உச்சிப் படியில் இருப்பவர் நூறாயுசு சொல்லலாம்.

அந்த ஆள் போனதும் அவள் போய்ப் பார்த்தாள். கல்லின் குறுக்கே சுண்ணக்கட்டியால் கோடுகள், பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள். அவளுக்குப் பகீரென்றது. ‘அளக்கிறான். இடிச்சுட்டுக் கடைத்தெரு கட்டப் போறாங்க.’ ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தேய்த்துக் கழுவிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அதே இடங்களில் புதுக் கோடுகள். அவற்றையும் கழுவினாள். மூன்றாவது முறை ஆளையே மடக்கினாள்.

“என்ன சார் பண்றீங்க இங்க?”

“சும்மா காத்து வாங்க வந்தேன்மா.”

“குனிஞ்சுக்கிட்டா காத்து வாங்குவாங்க?”

படியிறங்கி நழுவிவிட்டார்.

அலுவலகத்தில் சூப்பிரண்டிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைத் தூக்கவேயில்லை. “பெரிய கச்சேரி வருது. ரெண்டாயிரம் பேர் உட்காரணும். நீ படியைச் சுத்தமா வை. மத்ததெல்லாம் உனக்கெதுக்கு?” அந்த ‘உனக்கெதுக்கு’வை அவள் வழியெல்லாம் அசைபோட்டாள். இவருக்கும் பங்கு இருக்குமோ?

அவள் புருஷன் அதே அரங்கத்தில் விளக்குக்காரர். சாப்பிடும்போது அவரிடம் கேட்டாள். “எந்த ஆளு?” என்றார், சோற்றைப் பார்த்துக்கொண்டே. அவருக்குப் பொய் சொல்ல வராது. வாய் சொல்லும், காது சிவந்துவிடும். அன்று காது சிவந்திருந்தது.

மறுநாள் அவள் உச்சிப் படியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கீழே மேடையிலிருந்து பேச்சு கேட்டது.

“அவளுக்குத் தெரிஞ்சா ஊரையே கூட்டிடுவா சார்.” புருஷன் குரல்.

“இன்னும் நாலு நாள் யாருக்கும் தெரிய வேண்டாம். கோட்டை அழிக்கிறவன் யாருன்னு முதல்ல கண்டுபிடிக்கணும்.” தோல் செருப்புக்காரர்.

சாவிகள் குலுங்க அவள் இறங்கி வந்த வேகத்தில் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“அழிக்கிறவன் இல்ல சார், அழிக்கிறவ. நான்தான்.”

பெரியவர் அவளையே பார்த்தார். “நீயாம்மா? விஷயம் வெளிய வரக்கூடாதுன்னு ஆபீஸ்ல யாரோ செய்றாங்கன்னு நினைச்சேனே.”

பிறகு உட்கார்ந்து சொன்னார். கோடுகள் இடிப்பதற்கு அல்ல. கல்லில் விரிசல் விட்டிருந்தது. குறுக்கே கோடு போட்டு வைத்தால், விரிசல் அகல அகலக் கோடு பிரியும், எவ்வளவு என்று தெரிந்துவிடும். மேற்குப் பக்க விளக்குக்கம்பம் சாய்வதை முதலில் கவனித்து அவரிடம் சொன்னது அவள் புருஷன்தான்.

“உங்களுக்கு இதுல என்ன சார்?”

“இதைக் கட்டினப்ப நான் சூப்பர்வைசர். கிழக்குப் பக்கம் பாறை. மேற்குல பள்ளம் ஆழம். திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சுட்டாங்க. கல்லு இடிசலைக் கொட்டி, சரியா இறுக்காம, மேல கல்லைப் பதிச்சோம். எல்லாம் கெட்டியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவன் நான்.”

அவள் சந்தேகம் தீரவில்லை, வேறு பக்கம் திரும்பியது. “நாலு நாள்ல கச்சேரி. அதுக்கப்புறம் அளந்து என்ன பண்ணப் போறீங்க?”

பெரியவர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை உருட்டினார். விரிசல் வளராமல் இருந்துவிட்டால் தன் கையெழுத்தைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று அவர் காத்திருப்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது.

“வாங்க, ஆபீசுக்குப் போவோம்.”

“நாளைக்கு வரேன்மா.”

“வர மாட்டீங்க. இப்பவே கிளம்புங்க.”

மேற்கு வாசல் மூன்றையும் பூட்டினாள். அவரை முன்னால் விட்டு, பக்கத்துச் சந்தில் நழுவிவிடாதபடி பின்னாலேயே நடந்தாள். அலுவலகத்தில் அவர் விஷயத்தை எழுதிக் கையெழுத்துப் போடும்வரை மேசையை விட்டு அவள் அசையவில்லை. சூப்பிரண்டு குதித்தார். “கச்சேரியைக் கெடுக்க யாரு உன்னை ஏவிவிட்டது? சாவியை வை இங்க.”

“அந்த மூணு சாவியை மட்டும் தர மாட்டேன் சார். வேலையை விட்டு வேணா எடுங்க.”

எழுத்தில் வந்துவிட்ட பிறகு மேற்கைத் திறக்க அவரும் துணியவில்லை. கிழக்குப் பக்கம் மட்டும் வைத்துக் கச்சேரி நடந்தது. ஒன்றும் இடியவில்லை. இடமில்லாமல் திரும்பியவர்கள் அவளை வாயில் வந்தபடி திட்டினார்கள். கிழவர் தன்னை ஏமாற்றிவிட்டாரோ என்று அவளுக்கே உறுத்தியது.

அடுத்த வாரம் துளை போட்டுப் பார்த்தார்கள். ஏழாவது படிக்குக் கீழே வெறும் பொந்து. இரண்டு ஆள் உயரக் கம்பை விட்டும் தரை தட்டவில்லை. புருஷன் ஓடிவந்து சொன்னார். அவள் “சரி” என்றதோடு சரி. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ‘அவளுக்குத் தெரிஞ்சா’ என்று ஊரான் ஒருவனிடம் சொன்ன வார்த்தை, அந்தப் பொந்தைவிட ஆழமாக இறங்கியிருந்தது.

மேற்குப் பக்கத்தைத் தோண்டி, நிரப்பி, மறுபடி கட்ட ஒன்றரை வருடம் ஆனது. திறந்த அன்று பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். பெரியவரும் வந்து மேற்கில், ஏழாவது படியிலேயே உட்கார்ந்தார். சாவியம்மா வாசலில் நின்றபடி பாட்டைக் கேட்கவில்லை. அவர் நடுவில் எழுந்து, பாறையிருக்கிற கிழக்குப் பக்கம் போகிறாரா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.