பக்கக்குழாய்க் காரில் போன சாமத்திய வீடு

மூன்று வருடமாக அப்பா மாமாவோடு கதைக்கவில்லை. அப்பா ஓடித்திரிந்து எடுத்துக்கொடுத்த அவுஸ்பில்டுங்கை, அதுதான் தொழிற்பயிற்சியை, மாமா பாதியில் விட்டுவிட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்ததுதான் குற்றம். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, மழை பெய்தால் ஒழுகுகிற கார். மாமா அம்மாவின் ஒரே தம்பி. அப்பாவின் வாயில் அந்தக் காரின் பெயர் சனியன்.

நான் பெரியபிள்ளையானதும் ஹனோவரில் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன்தான் கூட்டிவர வேண்டும். அதை அப்பாவாலும் தட்ட முடியவில்லை. "அண்டைக்கு ஒரு பிழையும் விட்டிடாதையடா. அத்தான் கட்டாயம் கதைப்பார்," என்று அம்மா தொலைபேசியில் கெஞ்சினார். மாமா ஏங்கிக்கொண்டிருந்ததும் அதற்குத்தான்.

அந்தச் சந்தோசத்தில் அவர் செய்த முதல் வேலை காருக்குப் பக்கக்குழாய் பூட்டியது. அடியால் பின்னுக்குப் போகிற புகைக்குழாயை வெட்டி எறிந்துவிட்டு, கதவுகளுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாகப் பளபளவென்று நீட்டிவிட்டார். வாகனப் பரிசோதனைக்காரர் சத்தம் கூடிப்போச்சு என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார். மூன்றாந்தரம் டெர்மின் என்று நாள் குறித்துப் போனபோதுதான் காரின் காகிதத்தில் பதிந்து கொடுத்தார். எனக்கென்றால் பெருமை பிடிபடவில்லை. அது வரும்போது எங்கள் தெரு யன்னல்கள் அதிரும், என் நெஞ்சும் அதிரும். இப்போதும் எங்காவது அப்படியொரு சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன்.

குழாய் கொதிக்கும் என்பதால் மாமா எனக்கு இறங்கப் பழக்கினார். "பிள்ளை, காலை நல்லா அகட்டி எட்டி வை. பட்டால் தோல் கழண்டிடும்." பத்துத் தரம் இறங்கிக் காட்டினேன். பத்துத் தரமும் ஜீன்ஸோடு. சேலை என்று ஒன்று இருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை, பாருங்கள்!

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டு, வீடியோக்காரர், சனம். கதவைத் திறந்தால், பட்டுச்சேலைக்குள் கால் ஒரு சாணுக்கு மேல் அகலவில்லை. கீழே குழாய் கொதிக்கிறது. அப்பாவின் முகம் கறுக்கத் தொடங்கியது. மாமா சுற்றி வந்து, குழாயோடு ஒட்டி நின்று, என்னை அப்படியே தூக்கி வெளியே விட்டார். சனம் சிரித்தது. பதின்மூன்று வயதுக்காரியைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கினால்! வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. அன்று முழுக்க நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் சாப்பிடாமலே போய்விட்டார்.

"பாத்தியே, உன்ர தம்பியின்ர குணத்தை," என்றார் அப்பா அம்மாவிடம்.

மறுநாள், மாமா வீட்டுக்குப் பலகாரம் போகவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்து அப்பாவையும் என்னையும் அனுப்பினார். வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் அப்பா வந்தார். கதவைத் திறந்த மாமாவின் கெண்டைக்காலில் பெரிய துணிக்கட்டு. அப்பா கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பலகாரப் பெட்டியை என் கையில் திணித்தார்.

"விசரா! வேட்டியோடை போய் ஆரடா கொதிகுழாயிலை காலைக் குடுப்பான்? உனக்கு வாயில்லையே? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதே?"

ஏசிக்கொண்டே குந்தியிருந்து, கட்டை அவிழ்த்து மருந்து பூசினார். ஏச ஏச மாமா சிரித்தார். கண்ணால் தண்ணீர் வடிய வடியச் சிரித்தார்.

இவ்வளவு ஏச்சு வாங்குகிற மனிசருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு கண்ணீரைப் பார்த்துப் பாவப்பட்டு, மாமாவுக்கு நோகிறது, மெதுவாகப் பூசுங்கோ என்று அப்பாவிடம் சொன்னேன்.