வலது காதில் பிலோமினா

பிலோமினா டீச்சர் போய்விட்டாள் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவள் மல்லிகா. ஒரு காலத்தில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் கூடை வைத்து நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்றவள். அரியூரிலிருந்து பஸ் மாறிப் பாகூர் வந்து, எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாள். "சரசு டீச்சர், நம்ம பிலோமினா டீச்சர் காலைல வூட்டுல மயங்கி வுழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். யார்மேல் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வில்லியனூர் பக்கத்தில் அவளுடைய பங்குக் கோயில் கல்லறையில் அடக்கம் முடிந்து நான் திரும்பினால், பாகூர் பஸ் நிறுத்தத்தில் போஸ்டர். 'அமைதியின் திருவுருவம், சாந்த சொரூபி பிலோமினா டீச்சருக்கு இரங்கல் கூட்டம்.' தலைமை, பெற்றோர் சங்கத் தலைவர். அதாவது கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் சொந்த அண்ணன்.

அவளோடு பழகியவர்களைக் கேட்கிறேன். பிலோமினாவா சாந்த சொரூபி? அவளிடம் திட்டு வாங்காதவர்கள் ஊரில் யாராவது உண்டா?

அவள் எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் எடுத்தாள், நான் தமிழ். பரிசோதனைக் கூடத்து அலமாரி எப்போதும் பூட்டியே கிடக்கும். "பொண்ணுங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? அந்தப் பீரியடுல தையல் சொல்லிக் குடுங்க" என்றார் ஹெட்மாஸ்டர். இவள் தையல் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசைமேல் போட்டாள். "பையனுங்க ஸ்கூல்ல போய் நீங்க மொதல்ல தையல் எடுங்க சார். நல்லா வந்தா நாங்களும் கத்துக்கறோம்." அந்தச் சத்தம் ஏரிக்கரைவரை கேட்டிருக்கும். சாவி வந்துவிட்டது. கூடவே அவளுக்கு ரத்தக் கொதிப்பும் வந்துவிட்டது.

புதுச்சேரி டாக்டர், "கோபப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அதற்கும் கோபம் வந்தது அவளுக்கு. "அடுப்ப எரிய வுட்டுட்டு, சோத்தப் பாத்து பொங்காதன்னு சொல்றாரு. பெரிய டாக்டரு!" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொரிந்து தள்ளினாள்.

அவளுடைய அண்ணன் பிரான்சில் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஒருமுறை லீவில் வந்தபோது ஸ்டீரியோ டேப்ரிக்கார்டரும் ஹெட்போனும் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை அனுப்பினார். அதில்தான் அவள் அந்த விஷயத்தைப் படித்தாள். ஒரு காதில் ஒரு சுருதி. இன்னொரு காதில் அதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் தாழ்ந்த சுருதி. இரண்டையும் ஹெட்போனில் தனித்தனியாகக் கேட்டால், தலைக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு மெல்லிய அதிர்வு எழுகிறதாம். பாடப் புத்தகத்தில் விம்மல் என்று வருமே, அதன் இன்னொரு வகை. அதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தால் மனசு அடங்கும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள் என்றாள். "அடங்குதோ இல்லியோ, செஞ்சி பாத்துடுவோம்டி. சும்மா கண்ண மூடி உக்காந்தா எனக்கு ஹெட்மாஸ்டர் மூஞ்சிதான் தெரியுது."

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அதைப் பதிவு செய்தோம். அலமாரியிலிருந்து ஒரே அளவில் இரண்டு இசைக்கவைகள் எடுத்தாள். தட்டினால் 'ங்ங்' என்று நீளமாக ஒலிக்கும் இரும்புக் கவைகள். ஒன்றின் நுனியில் கொஞ்சம் மெழுகை உருட்டி ஒட்டினாள். அதன் சுருதி இறங்கிவிட்டது. "மாதா கோயில் மெழுகுடி. வேற மெழுகு வெச்சா உனக்கு பிசாசு புடிச்சிடும்" என்று கண்ணடித்தாள்.

ஒன்றின் ஒலி இன்னொன்றில் கலக்கக்கூடாது. அதனால் மெழுகில்லாத கவையும் ஒரு மைக்குமாக நான் பக்கத்து வகுப்பறையில். மெழுகுக் கவையும் இன்னொரு மைக்குமாக அவள் பரிசோதனைக் கூடத்தில். இருவரும் ஒரே நேரத்தில் தட்டவேண்டும் என்பதற்காக ஜன்னல் வழியே ஒரு நூலைக் கட்டி என் மணிக்கட்டில் முடிந்துவிட்டாள். அவள் இழுத்தால் நான் தட்டவேண்டும். ஒலி தேய்ந்ததும் மறுபடி இழுப்பாள். பொம்மலாட்டப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கை விட்டுப்போயிற்று.

பாதிக்குமேல் போனபிறகு அவள் பக்கத்துக் கதவை யாரோ இடித்தார்கள். கவையைப் பிடித்த கையை எடுக்காமலே அவள் கத்தினாள். "யார்றா அவன்? கதவ இடிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? காத இன்னா அடகு வெச்சிட்டியா? போடா எரும!" இடி நின்றது. வாட்ச்மேன் என்று நினைத்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், வராந்தாவில் ஹெட்மாஸ்டர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, மறுபடியும் எடுக்கணுமா?" என்றேன் நான். தியானத்துக்கான கேசட்டில் எருமை இருக்கலாமா? "இருக்கட்டும்டி. கோவத்த அழிச்சிட்டுத்தான் அமைதி வேணும்னா கல்லறைக்குப் போ. இங்க ரெண்டும் இருக்கும்." கேசட் அட்டையில் 'இடது சரசு, வலது நான்' என்று எழுதிவைத்தாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் உட்கார்ந்தோம். இருந்தது ஒரே ஒரு ஹெட்போன், முறைவைத்துக் கேட்போம். டீச்சர்கள் வந்தார்கள், சத்துணவு ஆயாம்மா வந்தார், கூடையை வாசலில் விட்டுவிட்டு மல்லிகாவும் வந்தாள். "இந்த அதிர்வு கேசட்டுல எந்தப் பக்கத்துலயும் இல்ல. ரெண்டு காதுக்கும் நடுவுல நீங்கதான் உண்டாக்கறீங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வாள் பிலோமினா. மல்லிகா முதல் நாளே தூங்கிவிட்டாள். போகப்போக, கழற்றவே மனசில்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் கழற்றிவிட்டுச் சொன்னாள். "தலைக்குள்ள எந்நேரமும் இரைச்சல் டீச்சர். அந்தாளு ஏசறது, மாமியா ஏசறது. இதுல அதெல்லாம் கொஞ்ச நேரம் நின்னுச்சா... அப்பதான் கேட்டுகினேன், நான் இன்னாத்துக்கு அடி வாங்கறேன்னு." அடுத்த வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரியூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

மல்லிகாவின் புருஷன் எங்கள் அண்ணன் கடையில் மூட்டை இறக்குகிறவன். 'டீச்சருங்க காதுல என்னமோ மாட்டி வசியம் பண்ணிட்டாங்க' என்று கடையில் போய் அழுதான். குடித்துவிட்டுக் கட்டினவளை அடித்தபோது கடைத்தெருவில் எவனுக்கும் காது கேட்கவில்லை. இப்போது எல்லாருக்கும் கேட்டது. என் அண்ணன் ஹெட்மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வந்து நின்றான்.

பிலோமினா சண்டை போடவில்லை. "சந்தேகம் இருந்தா நீங்களே கேட்டுப் பாருங்கண்ணே" என்று ஹெட்போனை நீட்டினாள். அண்ணன் அதைத் தலையில் மாட்டவில்லை. கடையில் டெலிபோன் பேசுகிற மாதிரி ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்தைத் தூரமாக விலக்கிப் பிடித்தான். "வெறும் ங்ங்-னு கேக்குது. இதுக்கா பொம்பளைங்க வூட்ட வுட்டு ஓடறாளுங்க?" "ரெண்டு காதும் குடுக்கணும் அண்ணே. ஒரு காதுல கேட்டா ஒண்ணும் ஆவாது" என்றாள் அவள். "அதெல்லாம் இருக்கட்டும்" என்று சட்டென்று கீழே வைத்துவிட்டான். பயந்தாங்கொள்ளி! கேட்டால் தனக்கும் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பள்ளிக்கூடப் பொருளில் செய்தது, பள்ளிக்கூடத்துக்கே சொந்தம் என்று சொல்லி ஹெட்மாஸ்டர் கேசட்டை எடுத்துக்கொண்டார். இசைக்கவைகளும் அலமாரிக்குள் போயின. சாவி அவர் பைக்குள். சனிக்கிழமை உட்காருவது அன்றோடு நின்றது.

கேசட்டைத் திருப்பிக் கேட்டு அவள் நடந்த நடை எனக்குத் தெரியும். 'தேடறேம்மா' என்றார், 'எலி கடிச்சிருக்கும்' என்றார், கடைசியில் 'தொலைஞ்சி போச்சு' என்றார். வீட்டில் அண்ணனிடம் நான் சண்டை போட்டேன். "அந்தப் பேச்ச எடுக்காத" என்று சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்தான். "விடுடி, அந்த அதிர்வு கேசட்டுலயே இல்லன்னு நீதான சொன்ன?" என்று நானே ஒருமுறை அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். முறைத்தாள். "அமைதி என்னோடது, அத எவனும் எடுக்க முடியாது. ஆனா கேசட்டும் என்னோடதுடி. அத அவன் குடுக்கட்டும்." ஓய்வு பெறும் அன்றுகூட மாலையைக் கழுத்தில் போட்டபடியே கேட்டாள். இல்லை என்றார்கள்.

கேசட் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அவளே கல்லறையிலிருந்து எழுந்துவந்து, 'இன்னா ஆதாரம்?' என்று கேட்பாள். கேட்டவளுக்கு அவள் பொருளைக் கொடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். என் வயிற்றெரிச்சலுக்கு அது போதும்.

இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். பள்ளி மைதானத்தில் பந்தல், கட்டடத்தின் மேலே குழாய் ஸ்பீக்கர்கள். மேடையில் அண்ணனும் ஹெட்மாஸ்டரும். "கோபம் என்பதையே அறியாத அன்னை அவர்" என்று அண்ணன் பேச ஆரம்பித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "அவர் தம் கையாலேயே பதிவு செய்த தெய்வீகத் தியான ஒலியை இப்போது ஊரார் எல்லோரும் கேட்டு அஞ்சலி செலுத்துவோம்" என்றான். ஹெட்மாஸ்டர் ஜிப்பாப் பையிலிருந்து எடுத்து மைக்செட்காரரிடம் நீட்டினார். தொலைந்துபோன கேசட். எலி கடித்த கேசட். 'இடது சரசு, வலது நான்.'

நான் எழுவதற்குள் போட்டுவிட்டார்கள்.

இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போகவேண்டியதை ஒன்றாகக் கலந்து குழாயில் விட்டால் என்ன ஆகும்? 'வ்வோம்... வ்வோம்...' என்று ஊரே அதிர்ந்தது. குழந்தைகள் வீறிட்டன. நாய்கள் ஊளையிட்டன. மைக்செட்காரர் மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினார். மேடையில் இரண்டு பேரும் கண்ணை மூடிக் கைகூப்பி, முகத்தை ஆகாயத்துக்குத் தூக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது வந்தாள் பிலோமினா. "யார்றா அவன்? கதவ இடிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? காத இன்னா அடகு வெச்சிட்டியா? போடா எரும!"

கடைத்தெருவுக்கே கேட்டிருக்கும். ஹெட்மாஸ்டர் கண்ணைத் திறந்துவிட்டார். கடைசி வரிசையிலிருந்து மல்லிகா ஓவென்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "நிறுத்து, நிறுத்துய்யா!" என்று அண்ணன் கையை ஆட்டினான்.

நான் நேரே மேடைக்குப் போய் மிஷினைத் திறந்து கேசட்டை எடுத்தேன். "சரசு, இன்னாடி இது, நாலு பேர் பாக்கறாங்க" என்றான் அண்ணன். "பாக்கட்டும். இது ஹெட்போன்ல கேக்கறதுண்ணே. அன்னிக்கும் உனக்குப் புரியல, இன்னிக்கும் புரியல. குடுக்காம வெச்சிருந்து, செத்தப்புறம் மோளம் அடிக்கிற. வெக்கமா இல்ல?" மைக் பக்கத்திலேயே இருந்தது. அதையும் ஊர் கேட்டது. நல்லது.

அவளுடைய ஹெட்போனையும் டேப்ரிக்கார்டரையும் அவள் அண்ணி என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை மல்லிகா அரியூரிலிருந்து வருகிறாள், முறைவைத்துக் கேட்கிறோம். "வேற கேசட்டுல ஒண்ணு ஏத்திக் குடுங்க டீச்சர். ஏசறத மட்டும் எடுத்துடாதீங்க" என்கிறாள். இடது காதில் நான் தட்டுகிறேன், வலது காதில் அவள் தட்டுகிறாள், நடுவில் அந்த அதிர்வு இன்னும் எழுகிறது. அவள் ஏசுகிற இடம் வருகிறபோது மல்லிகாவின் மூடிய கண்ணுக்குக் கீழே உதடு சிரிக்கும்.

கோபத்தை அழித்துவிட்டு அமைதி வேண்டுமென்றால் கல்லறைக்குப் போ என்றவள், கல்லறைக்குப் போய்விட்டாள். கோபத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், என் வலது காதில். அதை அழிக்க எவனையும் விடமாட்டேன்.