ஹோஸ் வெடித்தது, கண் தப்பியது

திருப்பதியில் நானும் என் கணவரும் லாரி கழுவும் ஷெட் நடத்துகிறோம். பம்ப் தேய்ந்துபோனதால் புதிது வாங்கச் சித்தூர் போனோம்.

"எங்க ஹோஸ் பழசு, தாங்குமா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா பயம்? பெரிய பம்ப்பா எடுத்துக்கினு போங்க, சேறு பிச்சிக்கினு போவும்" என்றார் கடைக்காரர்.

மறுநாள் கணவர் தண்ணீர் பீய்ச்சும் குழலை மூடியதும் அழுத்தம் ஏறி ஹோஸ் வெடித்துச் சுழன்று அவர் புருவத்தைக் கிழித்தது. கண் தப்பியது தெய்வச் செயல். அழுத்தம் மீறினால் தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வே அந்தப் பம்ப்பில் இல்லை!

புருவத்தில் கட்டோடு இருந்த கணவரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "வால்வு வேணும்னு நீங்க கேக்கலியே" என்று கடைக்காரர் சிரித்தார்.

"கேட்டாத்தான் கண்ணு மிஞ்சுமா?" என்று கத்தினேன்.

இப்போதெல்லாம் பம்ப் வாங்கப் போனால் எங்கள் ஹோஸையும் கடைக்கு எடுத்துப் போகிறேன். பம்ப்பை அதில் மாட்டி ஓட்டி, குழலைக் கடைக்காரர் தன் கையாலேயே மூடிக் காட்டினால்தான் வாங்குகிறேன்.